கொரியா நாட்டில் சோறும் வாழ்வும்



ஒரு நாட்டின் வரலாற்றைப் புத்தகத்தில் படித்து அறியலாம். அந்நாட்டு மக்களின் வாழ்க்கையை அறிய வேண்டுமானால், அவர்கள் வீட்டு அடுப்படியைத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். இன்று நாம் எட்டிப் பார்க்கப் போவது கொரியா நாட்டு அடுப்படி.

கொரிய நாடகங்களை நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் விரும்பிப் பார்க்கிறார்கள். அந்நாட்டுக்குப் படிக்கப் போகலாமா, வேலைக்குப் போகலாமா என்று கேட்கும் இளைஞர்களும் நம் தோட்டங்களில் உண்டு. போனால் என்ன சாப்பிடுவது, எப்படிப் பழகுவது, யார் பேச்சை நம்புவது என்ற கவலை பெற்றோருக்கு எழுவது இயல்பே. அந்தக் கவலைக்கு என்னால் இயன்ற விளக்கத்தைச் சொல்கிறேன். நான் சொல்லும் கொரியா, தென் கொரியா. கோலாலம்பூரிலிருந்து அதன் தலைநகரான சியோலுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஆறரை மணி நேரப் பயணம்.

முதலில் அங்குள்ள குளிரைப் புரிந்துகொள்ள வேண்டும். லெம்பா பெர்த்தாமில் விடியற்காலையில் நாம் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறோம். ஆனாலும் நம் குளிர் செடியை வாட்டும் குளிர் அன்று. ஆண்டு முழுவதும் தேயிலை துளிர்க்கிறது, கீரை முளைக்கிறது. சியோலிலோ ஜனவரி மாதத்துச் சராசரி வெப்பமே சுழிக்குக் கீழே 2 பாகை. சில இரவுகளில் அது சுழிக்குக் கீழே 10 பாகைக்கும் இறங்கும். தண்ணீர் உறையும், மண் இறுகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெட்டவெளியில் எதுவும் விளையாது. அப்படிப்பட்ட நாட்டில் குடும்பத்துக்குக் காய்கறி எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்குக் கொரியத் தாய்மார்கள் கண்ட விடைதான் கிம்ச்சி.

கிம்ச்சி என்றதும் ஏதோ காணாத பொருள் என்று எண்ண வேண்டாம். அதற்கு வேண்டியவை எல்லாம் நம் வீட்டிலும் நம் மலையிலும் இருப்பவையே. மலாய்க்காரர்கள் 'கூபிஸ் சீனா' என்று சொல்லும் நீள முட்டைக்கோசு, முள்ளங்கி, பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், மிளகாய்த்தூள், உப்பு, இவற்றோடு நெத்திலி அல்லது சிறு இறாலை உப்பிலிட்டு ஊறவைத்த சாறு. பெலாச்சான் போட்டுச் சம்பல் இடிக்கும் நமக்கு அந்த வாசனை புதிதா, சொல்லுங்கள்!

இந்த முட்டைக்கோசு குளிர்ச்சியை விரும்பும் பயிர். கொரியாவில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சமவெளி மிகவும் சூடாகிவிடும். ஆகவே கோடைக்காலத்தில் கங்வொன் மாநிலத்து மலைகளில் அதைப் பயிரிடுகிறார்கள். அங்கே அன்பன்தெகி என்ற ஊர் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1965-ஆம் ஆண்டிலிருந்து ஏழை விவசாயிகள் காட்டைத் திருத்திக் கல் பொறுக்கி உண்டாக்கிய மலைச்சரிவு அது. நம் ரிங்லெட் வட்டாரமும் ஏறக்குறைய அதே உயரந்தான். சரிவில் நின்று முதுகு வளைத்து வேலை செய்வது எப்படிப்பட்டது என்பதை அந்த ஊராருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிம்ச்சி எப்படிக் கெடாமல் இருக்கிறது? முட்டைக்கோசை இரண்டாகவோ நான்காகவோ பிளந்து, உப்பிட்டு ஓர் இரவு வைக்கிறார்கள். உப்பு இலையிலுள்ள நீரை இழுக்கிறது. பொருளைக் கெடுக்கும் கிருமிகளையும் அடக்குகிறது. மறுநாள் கழுவி, மிளகாய், பூண்டு, மீன்சாறு கலந்த விழுதை ஒவ்வோர் இலைக்கும் தடவி, பானையில் காற்றுப் புகாமல் அமுக்கி வைக்கிறார்கள். உப்பைத் தாங்கும் சில நல்ல நுண்ணுயிர்கள் அதில் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏறக் கெட்ட கிருமிகளுக்கு இடமில்லாமல் போகிறது. தாய்மார்களே, இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அதைச் செய்யும் நுண்ணுயிர்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். நம் வீட்டு வெப்பத்தில் மாவு ஒரே இரவில் புளித்துவிடுகிறது. அங்குள்ள குளிரில் கிம்ச்சி மெல்ல மெல்லப் புளித்து மாதக்கணக்கில் நிற்கிறது. முற்காலத்தில் மண்பானைகளைத் தோட்டத்தில் புதைத்து வைத்தார்கள். மண்ணுக்குள் வெப்பம் அதிகம் மாறாததால் கிம்ச்சி உறைவதுமில்லை, விரைவாகப் புளிப்பதுமில்லை. இன்று அதற்கென்றே தனிக் குளிர்ப்பெட்டிகள் வந்துவிட்டன.

குளிர் தொடங்குவதற்கு முன், நவம்பர் இறுதியில் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி, குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கிம்ச்சியைச் செய்வார்கள். இதற்குக் கிம்ஜாங் என்று பெயர். செய்து முடித்ததும் ஒருவருக்கொருவர் பங்கிட்டுக்கொள்வார்கள்; இல்லாதவர் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். இந்த வழக்கத்தை 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மன்றம் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

மற்றொரு செய்தியும் சொல்ல வேண்டும். கிம்ச்சியைச் சிவக்க வைக்கும் மிளகாய் கொரியாவில் தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த மிளகாய், போர்த்துக்கீசியர் கப்பல்களின் வழியாகக் கீழை நாடுகளுக்கு வந்தது. கொரியாவில் 1614-ஆம் ஆண்டு நூலொன்றில் அது குறிப்பிடப்படுகிறது. நம் முன்னோர் பிறந்த தமிழகத்திற்கும் மிளகாய் அவ்வாறு வந்ததே. அதற்குமுன் நம் காரம் மிளகுதான். இன்று அவர்களும் நாமும் மிளகாய் இல்லாத சோற்றை நினைத்தும் பார்ப்பதில்லை. அயல்நாட்டிலிருந்து வந்தது வீட்டுப் பொருளாக மாறுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இனி, நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் அங்கே சாப்பிட உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் சூப்பு, நடுவில் பல சிறு தட்டுகளில் தொட்டுக்கொள்ளும் பொருள்கள். சோற்றுக்குப் பாப் என்றும், தொடுகறிகளுக்குப் பன்ச்சான் என்றும் பெயர். அரிசி குட்டையானது, வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். சோற்றைக் கரண்டியால் உண்பார்கள். தொடுகறியை உலோகக் குச்சிகளால் எடுப்பார்கள். உணவுக் கடைகளில் கிம்ச்சி போன்ற தொடுகறிகளுக்குப் பெரும்பாலும் தனிக் காசில்லை. தீர்ந்தால் மறுபடியும் கேட்கலாம்.

அங்கே கவனிக்க வேண்டிய முறைகள் சில உண்டு. பெரியவர் கரண்டியை எடுக்கும் முன் இளையவர் எடுக்கலாகாது. கிண்ணத்தை மேசையிலிருந்து தூக்கிப் பிடித்து உண்ணலாகாது. குச்சிகளைச் சோற்றில் நட்டு வைக்கலாகாது. அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறையை நினைவூட்டும். பெரியவரிடம் எதையும் இரு கைகளாலும் கொடுத்து வாங்க வேண்டும். வீட்டுக்குள் செருப்பணிந்து போகலாகாது. மீந்த உணவைக் குப்பையோடு கலந்து கொட்டலாகாது. அதைத் தனியே சேர்த்துப் போட வேண்டும், அளவுக்கு ஏற்பக் கட்டணமும் உண்டு. வயதுக்கு மரியாதை, வாசலில் செருப்பு, சோற்றை வீணாக்காமை: இவற்றில் நம் பாட்டி சொல்லாதது எது?

கொரியர் ஒருவரையொருவர் காணும்போது, "பாப் மொகொஸ்ஸொயோ?" என்று கேட்பதுண்டு. "சாப்பிட்டீர்களா?" என்பதே அதன் பொருள். தந்தையை அவர்களும் அப்பா என்றே அழைக்கிறார்கள். தாயை அழைக்கும் சொல்லும் நம் அம்மாவைப் போலவே ஒலிக்கும். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு, ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இரண்டும் ஒரே இன மொழிகள் என்பதை மொழியறிஞர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் தனியாகப் போன பிள்ளைக்கு, அப்பா என்ற சொல் தெருவில் காதில் விழுவது ஆறுதல் தரும்.

உணவில் விலக்கு உடையவர்கள் என்ன செய்வது? மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் 'சோகோகி' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அது மாட்டிறைச்சி. பன்றியிறைச்சிக்கு 'துவேஜிகோகி' என்று பெயர். சைவ உணவினருக்குச் சிரமம் சற்று அதிகம். வெறும் காய்கறிச் சூப்பு என்று தோன்றுவதிலும் நெத்திலி வேகவைத்த நீர் இருக்கலாம். கிம்ச்சியில் மீன்சாறு இருக்கலாம். கேட்டுத்தான் உண்ண வேண்டும். பௌத்த மடங்களில் இறைச்சியும் மீனும் மட்டுமன்றிப் பூண்டும் வெங்காயமும் இல்லாத சமையல் உண்டு. சோயாக்கட்டி, கீரைகள், கடற்பாசி, பல காய்களைச் சோற்றோடு கலந்துண்ணும் பிபிம்பாப் ஆகியவை நாள்தோறும் கிடைக்கும். அரிசிக் கஞ்சியும் உண்டு. அறுவடைத் திருநாளான சூசொக்கின்போது, அரிசி மாவில் எள்ளோ பயறோ பூரணமாக வைத்து ஆவியில் அவிப்பார்கள். அதன் பெயர் சொங்பியொன். பார்த்தால் நம் கொழுக்கட்டையேதான்.

தேயிலை மலையில் இருந்துகொண்டு அந்நாட்டுத் தேயிலையைச் சொல்லாமல் விடலாமா? 828-ஆம் ஆண்டில் சீனாவுக்குச் சென்று திரும்பிய தூதர் ஒருவர் தேயிலை விதை கொண்டுவந்தார் என்றும், அரசர் அதை ஜிரி மலையில் நடச் செய்தார் என்றும் அந்நாட்டுப் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. நம் போ தோட்டம் தொடங்கியது 1929-இல். நாம் பறிக்கும் கொழுந்தை உருட்டி, காற்றுப்பட வைத்து, பிறகு உலர்த்துவதால் அது கறுக்கிறது. அவர்கள் பறித்தவுடனே கொழுந்தைச் சூடாக்கிவிடுவதால் பச்சையாகவே நிற்கிறது. செடி ஒன்றே, கைப்பக்குவந்தான் வேறு. ஆனால் அங்கே பல வீடுகளில் தண்ணீருக்குப் பதிலாகக் குடிப்பது வறுத்த பார்லி வேகவைத்த நீர். நம்மைப் போலப் பாலும் சீனியும் கலந்த தேநீரை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார்.

நேயர்களே, இன்று செல்வம் நிறைந்த அந்த நாடு பசியையும் நன்கு அறிந்த நாடு. 1910 முதல் 1945 வரை அது ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. 1950 முதல் 1953 வரை போர் நடந்தது. சேமித்த நெல் தீர்ந்து, பார்லி விளையும் முன் வரும் வசந்தகாலப் பட்டினிக்கு 'பார்லி மேடு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் காத்த நம் பாட்டன் பாட்டிகளுக்கு அந்த மேடு தெரியும். 1903 ஜனவரியில் கொரியத் தொழிலாளர்களின் முதற் கப்பல் ஹவாய்த் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1905 வரை ஏறக்குறைய 7,000 பேர் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பின்னர் 1963 முதல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், அதன்பின் மருத்துவமனைகளுக்கும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். தோட்டக்காட்டில் அயலானாக நிற்பது அவர்கள் வரலாற்றிலும் ஓர் ஏடு.

இப்போது பெற்றோர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர் கொரியாவுக்கு 90 நாள் வரை விசா இல்லாமல் சுற்றுலா போகலாம். அது பார்வையிடப் போவதற்கே தவிர, வேலை செய்வதற்கு அன்று. கொரிய அரசாங்கம் 2004 முதல் சில நாடுகளுடன் உடன்பாடு செய்து தொழிலாளர்களை எடுக்கிறது. இலங்கை, நேபாளம், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகியவை அம்முறையில் உண்டு, மலேசியா இல்லை. ஆகவே, "சுற்றுலா போல உள்ளே போ, தொழிற்சாலையில் வேலை தயார்" என்று ஓர் ஏஜெண்டு பணம் கேட்டால், அவர் காட்டும் பாதை குறுக்குவழி. பிடிபட்டால் தடுப்புக்காவல் உண்டு. நாடு கடத்தப்படுவதும் மீண்டும் நுழையத் தடையும் உண்டு. சம்பளம் வராவிட்டாலும், கை நசுங்கினாலும், புகார் கொடுக்க அஞ்சி ஒளிந்து வாழ நேரும். தோட்டத்தில் சேர்த்த காசையும் நகையையும் அதற்காக அடகு வைக்காதீர்கள்.

நேர்வழியும் இருக்கிறது. 1982-இல் நம் அரசாங்கம் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்து, ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் மாணவர்களை அனுப்பத் தொடங்கியது. கொரிய அரசாங்கமும் அயல்நாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் தருகிறது. கோலாலம்பூரிலுள்ள கொரியத் தூதரகத்தில் விவரம் கேட்கலாம். முறையாகப் போய் 90 நாளுக்கு மேல் தங்குகிறவர் அந்த 90 நாளுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவோரை 2019 முதல் அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் சேர்க்கிறார்கள். குடிநுழைவு பற்றிய ஐயங்களுக்கு அங்கிருந்து 1345 என்ற எண்ணில் பல மொழிகளில் விளக்கம் கேட்கலாம்.

சோற்றைப் பற்றித் தொடங்கி, சட்டத்தில் வந்து நிற்கிறேன் என்று எண்ண வேண்டாம். அயல்நாட்டில் வாழ இரண்டும் வேண்டும். ஊர் உணவை முகஞ்சுளிக்காமல் அறிந்துகொள்கிறவனுக்கு ஊர் மக்கள் பழக்கமாவார்கள்; சட்டப்படி போனவனுக்கே அந்தச் சோறு நிம்மதியாக இறங்கும்.

இன்று நம் மலையிலேயே வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாட்டுத் தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்கள் அடுப்பிலிருந்து வரும் வாசனை நமக்குப் புதிதாக இருக்கலாம். அதைக் கேலி செய்யும் பிள்ளைகளைக் கண்டால், ஒரு காலத்தில் நம் முன்னோர் அடுப்பும் இந்த நாட்டுக்குப் புதிதாக இருந்தது என்று சொல்லுங்கள். அடுத்த முறை அந்தத் தொழிலாளர் ஒருவரைப் பாதையில் காணும்போது, "சாப்பிட்டாயா, தம்பி?" என்று கேளுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கேள்வி புரியும்.