வட்டம் வெட்ட எது வசதி?

வட்டம் வெட்டுவதில் என்ன பிரமாதம், கத்தரிக்கோல் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, வெட்டினால் போச்சு என்று தோன்றும். ஒன்றிரண்டு வெட்டுகிறவர்களுக்கு அது சரிதான். கொலுவுக்குத் தோரணம், பிறந்தநாளுக்குக் காகிதப் பூ, கல்யாணத் தாம்பூலப் பையில் கட்டும் பெயர்ச்சீட்டு என்று நூற்றுக்கணக்கில் இறங்கும்போதுதான் வட்டம் தன் சுபாவத்தைக் காட்டும். சதுரத்தில் ஒரு நூல் பிசகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வட்டம் கொஞ்சம் கோணினாலும் வாங்குகிறவர் கண் நேரே அங்கேதான் போகும்.

மதுரையில் இருக்கும் என் ஓரகத்தி இந்தப் பெயர்ச்சீட்டு வேலையை ஆர்டர் எடுத்துச் செய்கிறார். முகூர்த்த மாதங்களில் கை ஓயாது. அந்தப் பணம் வீட்டுச் செலவில் கலக்காத பணம். பெண்ணுடைய காலேஜ் பஸ் கட்டணம் அதிலிருந்துதான் போகிறது. போன ஆவணியில் எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, வலது கையில கட்டை விரலுக்குக் கீழே சுண்டிச் சுண்டி இழுக்குது. தோசைக் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியல. முந்நூறு சீட்டு ஒத்துக்கிட்டு இருக்கேன். இதோட விட்ரலாம்னு பாக்குறேன்" என்றார்.

"கையைக் கவனிங்க அக்கா, வேலையை அப்புறம் பார்க்கலாம். எதை வச்சு வெட்டுறீங்க?" என்று கேட்டேன். கடைக்காரர் சொன்னார் என்று வாங்கிய பெரிய பஞ்ச். கட்டை விரலால் அழுத்தும் தினுசு. அதில் கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு உள்ள அட்டையை வைத்து, ராத்திரி பதினொரு மணி வரை அழுத்தியிருக்கிறார்.

அவருக்காக நான் தேடிப் பார்த்ததும், நானே பல வருஷமாகக் கைவேலை செய்து தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. கடைக்குப் போகுமுன் எத்தனை வட்டம், எவ்வளவு பெரிசு, எந்தக் கனத்துக் காகிதம் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டப் போகிற கை யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இருபது வயசுப் பெண்ணுக்கு ஒத்துவருவது ஐம்பது வயசுக் கைக்கு ஒத்துவராது.

பத்து இருபது வட்டம் என்றால் கத்தரிக்கோலே போதும். உள்ளங்கை நீளத்தில், நுனி வரை கூராக வெட்டுவதாக இருக்கட்டும். மீரட் கத்தரிக்கோலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; பழைய இரும்பை உருக்கி அடித்துச் செய்வது அது. அந்தத் தினுசு நம்மூர் தையல்காரர்களிடமும் உண்டு. வெட்டும்போது கத்தரிக்கோல் பிடித்த கை அசையக் கூடாது. மற்றக் கைதான் காகிதத்தைத் திருப்பிக்கொடுக்க வேண்டும். வலது கைக்காரர்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டிக்கொண்டு போனால் கோடு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இடது கைக்காரர்களுக்கு இது நேர்மாறு. அவர்களுக்கென்றே அலகு மாற்றிப் பொருத்திய கத்தரிக்கோல் விற்கிறது. வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் அவசியம் வாங்கிக் கொடுங்கள்.

கோடு போட காம்பஸ் தேட வேண்டாம். நம் கையிலேயே இருக்கிறது, வளையல்! வளையல் கடையில் 'ரெண்டு நாலு', 'ரெண்டு ஆறு' என்கிறோமே, அது அங்குலக் கணக்கு. இரண்டு அங்குலமும், அதற்கு மேல் ஓர் அங்குலத்தைப் பதினாறு பங்காக்கி அதில் நாலு பங்கும் சேர்ந்தது ரெண்டு நாலு. அதாவது உள்விட்டம் இரண்டே கால் அங்குலம். ரெண்டு ஆறு ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். ரெண்டு எட்டு சரியாக இரண்டரை அங்குலம். வளையலின் உட்புறமாகப் பென்சிலை ஓட்டினால் இந்த அளவு கிடைக்கும். சின்ன வட்டத்துக்குப் பத்து ரூபாய் நாணயம் இருக்கிறது, 27 மில்லிமீட்டர். இருபது ரூபாய் நாணயத்தை எடுத்துவிடாதீர்கள், அதற்குப் பன்னிரண்டு பக்கம்!

மூன்று அங்குலத்துக்கு மேல் போனாலோ, ஒவ்வொரு ஆர்டருக்கும் அளவு மாறினாலோ காம்பஸ் கட்டர் நல்லது. பென்சில் இருக்க வேண்டிய இடத்தில் குட்டிப் பிளேடு இருக்கும், அவ்வளவுதான். கடையிலேயே ஒரு முழு வட்டம் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் ஒட்டவில்லை என்றால் அதன் கை ஆடுகிறது, திருகு சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பேசாமல் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் ஒரே அழுத்தாக அழுத்தி வெட்டாமல், லேசாக இரண்டு மூன்று சுற்று சுற்றினால் ஓரம் பிசிறு அடிக்காது. நடுவில் ஊசி குத்திய புள்ளி விழுமே என்ற குறைக்கும் வழி உண்டு. மையத்தில் சின்ன அட்டைத் துண்டு ஒன்றை டேப்பால் ஒட்டி அதன்மேல் ஊசியை ஊன்றலாம். இல்லாவிட்டால் புள்ளியின் மேலேயே ஒரு குந்தன் கல்லை ஒட்டிவிடலாம். ஓர் அங்குலத்துக்கும் சிறிய வட்டத்துக்கு மட்டும் இது லாயக்கில்லை. ஊசியும் பிளேடும் நெருங்கி வந்து காகிதத்தைக் கிழித்துவிடும்.

அடியில் வெட்டுப் பலகை கட்டாயம். வாங்க முடியாதவர்கள் தினசரி காலண்டரின் பின் அட்டையை இரண்டு மூன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி மேல் வெட்டினால் பிளேடு சீக்கிரம் மழுங்கும்.

இனி பஞ்ச் விஷயம். ஆபீஸில் காகிதத்துக்குத் துளை போடுகிறோமே, அதன் அக்காள் இது. ஜெர்மனியில் பிரெடரிக் சோனெக்கன் என்பவர் 1886-ல் துளை போடும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் துளை இன்றைக்கும் 6 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான். கைவேலைப் பஞ்ச்சில் வட்டம் பெரிது. வெளியே விழுகிற துண்டுதான் நமக்கு வேண்டியது. ஒரே அளவில் நூறு, இருநூறு என்றால் இதற்கு ஈடு இல்லை. கத்தரிக்கோலால் ஒரு வட்டத்துக்கு ஒரு நிமிஷம் என்றே வைத்துக்கொண்டாலும் முந்நூறு வட்டத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகிறதே!

ஆனால் பஞ்ச் வாங்கும்போதுதான் ரொம்ப ஜாக்கிரதை தேவை. நீங்கள் உபயோகிக்கும் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அட்டையின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள், ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை கிராமில். ஜெராக்ஸ் காகிதம் 70, 80. பத்திரிகை அட்டை 250, 300 வரை போகும். கடைக்காரர் வைத்திருக்கும் மெல்லிசுக் காகிதத்தில் எந்தப் பஞ்ச்சும் வெண்ணெய் மாதிரித்தான் வெட்டும்! உங்கள் அட்டையில் வெட்டிப் பார்த்து, ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வேண்டாம்.

பாக்குவெட்டியின் பிடி நீளமாக இருந்தால் கொட்டைப்பாக்கும் சுலபமாக நொறுங்குகிறது அல்லவா? அதே நியாயம்தான் இதற்கும். நீளப் பிடி உள்ள, மேஜை மேல் அசையாமல் உட்காரும் பஞ்ச்சாகப் பாருங்கள். எழுந்து நின்று, முழங்கையை நீட்டி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தினால் உடம்பின் பாரமே வேலையைச் செய்துவிடும். பிடி குட்டையான பஞ்ச்சில் அந்தப் பாரம் முழுக்கக் கட்டை விரலில் இறங்குகிறது. என் ஓரகத்திக்கு நேர்ந்தது இதுதான்.

அவரைப் பார்த்த டாக்டர், கட்டை விரலை அசைக்கும் நரம்பு போன்ற தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்துவிட்டது என்றார். இதை விவரித்த சுவிட்சர்லாந்து டாக்டரின் பெயரால் 'டி குவர்வெய்ன்' என்கிறார்கள். அவர் எழுதியது 1895-ல். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மார்களுக்கும் இது வருவதுண்டு. கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கட்டை விரலுக்குக் கீழே சுரீரென்று வலித்தால் தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போவது நல்லது. ராத்திரியில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அது வேறு தொந்தரவு, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது. அதற்கும் டாக்டர்தான்.

ஓரகத்தி பட்டை கட்டிக் கைக்கு ஓய்வு கொடுத்த நாட்களில் அந்த முந்நூறையும் பெண்ணும் நானும் வெட்டி முடித்தோம். கை தேறியதும் அவர் வேறு பஞ்ச் இரண்டு வாங்கினார், நீளப் பிடி உள்ளதாக: ஒன்று இரண்டு அங்குலம், மற்றது இரண்டே கால். பெரிய வட்டத்தின் மேல் சின்னதை ஒட்டினால் சுற்றிலும் அரைக்கால் அங்குலம் ஜரிகைக் கரை மாதிரி நிற்கும். கெட்டி அட்டையைத் தள்ளிவிட்டு மெல்லிசு அட்டையாக இரண்டு அடுக்கு ஒட்டுகிறார். கனமும் கிடைக்கிறது, கைக்கும் சிரமமில்லை. "ஐம்பது வெட்டினா எந்திரிச்சுப் போயி ஒரு வாய் தண்ணி குடிக்கணும்னு நானே சட்டம் போட்டுக்கிட்டேன்" என்கிறார். இந்தச் சட்டம் எனக்கும் பிடித்திருக்கிறது.

பஞ்ச்சின் வாய் ஆழம் குறைவு. அதனால் தாளின் நடுவில் எட்டாது. தாளை முதலில் பட்டையாக நறுக்கிக்கொள்ள வேண்டும். ஏ4 தாளை நீளவாக்கில் நாலு பட்டையாக்கினால், பட்டைக்கு ஐந்தாக இரண்டு அங்குல வட்டம் இருபது வரும். ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமிராது. கை பழகும்வரை மூன்று பட்டையாகவே வைத்துப் பதினைந்து வெட்டுங்கள். பஞ்ச்சைத் தலைகீழாகப் பிடித்தால் காகிதம் எங்கே உட்காருகிறது என்று கீழ்வாய் வழியே தெரியும். இரண்டே கால் அங்குலத்துக்கு எப்படிப் போட்டாலும் பதினைந்துதான்.

ஜிகினாக் காகிதத்தைப் பஞ்ச்சில் விடாதீர்கள். அந்தத் துகள் அலகைக் கெடுத்துவிடும். வழவழப்பான அட்டையில் சேர்க்கும் கனிமத் தூளும் நாளாவட்டத்தில் மழுங்கடிக்கத்தான் செய்யும். பிடி இறுகினால் மெழுகுக் காகிதத்தை நாலைந்து தடவை வெட்டுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். பிசிறு அடித்தால் சமையலறை அலுமினியத் தாளை மடித்து வெட்டிப் பார்க்கலாம், ஓரளவு சரியாகும். கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிப்பவர் தெருவில் வந்தால் விடாதீர்கள். காம்பஸ் கட்டர் பிளேடை மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய பிளேடைக் காலித் தீப்பெட்டியில் போட்டு, டேப் சுற்றி, மேலே 'பிளேடு' என்று எழுதிக் குப்பைக்குக் கொடுங்கள். குப்பை பிரிப்பவர் வெறும் கையோடுதான் துழாவுவார்.