நோய் எதிர்ப்புச் சக்தியைப் போத்தலில் வாங்க முடியுமா?

வவுனியா நகருக்கு வடக்கே ஏ9 வீதியில் அமைந்துள்ள ஓமந்தையின் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அங்கிருந்த சோதனைச் சாவடியே. யுத்த காலத்தில் வன்னிக்குச் சென்ற உணவும் மருந்தும் அங்கு பரிசோதிக்கப்பட்ட பின்னரே அப்பால் செல்ல அனுமதிக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டில் யுத்தத்தின் இறுதிக் கட்டத்திலிருந்து வெளியேறிய மக்கள் பசியோடும் நோயோடும் அவ்வழியாகவே அழைத்து வரப்பட்டனர். ஊட்டக்குறைவு மனித உடலை எவ்வளவு விரைவில் நோய்க்கு இரையாக்கும் என்பதை இப்பகுதி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்று அந்தத் தடைகள் இல்லை. நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகரிக்கும் என்ற விளம்பரத்துடன் மாத்திரைகளும் சத்துமா வகைகளும் பானங்களும் தாராளமாகவே கடைகளுக்கு வந்து சேர்கின்றன. நாட்கூலியில் வாழும் குடும்பங்கள்கூடப் பிள்ளைகளின் நலன் கருதி இவற்றுக்குப் பணம் செலவிடுகின்றன. எனவே, இவற்றில் எது, எவருக்கு, எந்த அளவுக்குப் பயன் தருகின்றது என்பதை ஒப்பிட்டு நோக்குவது அவசியமாகின்றது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி என்பது ஊற்ற ஊற்ற உயரும் தண்ணீர் போன்றதன்று. பலவகைக் கலங்களும் புரதங்களும் ஒன்றையொன்று கட்டுப்படுத்திச் செயற்படும் சமநிலையே அது. அச்சமநிலை குலைந்து எதிர்ப்பு மிகையாகும்போதுதான் ஒவ்வாமை, தன்னுடலையே தாக்கும் மூட்டுவாதம் போன்ற நோய்கள் தோன்றுகின்றன. ஆகவே, ‘அதிகரித்தல்’ என்ற விளம்பரச் சொல்லே தவறான எண்ணத்தை விதைக்கின்றது. குறைபாட்டை நிரப்புவது என்பதே பொருத்தமான குறிக்கோளாகும்.

விற்றமின் சி இதற்குச் சிறந்த உதாரணம். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி லைனஸ் போலிங் 1970இல் எழுதிய நூலின் பின்னர் தடிமனுக்கு இதுவே மருந்து என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2013இல் வெளியான கொக்ரேன் மதிப்பீடு வேறொன்றைக் கூறியது. சாதாரண மக்கள் இதனை நாள்தோறும் உட்கொண்டாலும் தடிமன் வருவது குறையவில்லை. அது நீடிக்கும் காலம் மட்டுமே பெரியவர்களில் 8 வீதமும் பிள்ளைகளில் 14 வீதமும் குறைந்தது. கடும் உடலுழைப்பில் ஈடுபட்ட வீரர்களுக்கே குறிப்பிடத்தக்க பாதுகாப்புக் கிடைத்தது. தடிமன் பிடித்த பின்னர் மாத்திரையைத் தொடங்கியோருக்கு உறுதியான பயன் எதுவும் தென்படவில்லை. ஒரு கொய்யாப்பழமே ஒரு நாளைய தேவைக்கு மேலான விற்றமின் சியைத் தரக்கூடியது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

விற்றமின் டியின் கதையும் ஏறக்குறைய இதுவே. கடும் குறைபாடு உள்ளவர்களுக்குச் சுவாசத் தொற்றுகளைக் குறைக்க அது உதவக்கூடும் என 2017இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது. ஆனால், பிரித்தானியாவில் 6,200 பேரைக்கொண்டு நடத்தப்பட்டு 2022இல் வெளியான பரிசோதனையில் கொவிட் தொற்றோ ஏனைய சுவாசத் தொற்றுகளோ குறையவில்லை. நாகத்தைப் பொறுத்தமட்டில், வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளுக்கு உயிர்நீர்க் கரைசலுடன் 10 முதல் 14 நாட்கள் அதனை வழங்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004 முதல் பரிந்துரைத்து வருகின்றன. விற்றமின் ஏ குறைபாடு நிலவும் நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதனை வழங்குவது மரணங்களை ஏறக்குறைய 12 வீதம் குறைப்பதாகவும் கண்டறியப்பட்டுள்ளது. அதே விற்றமின் ஏ கர்ப்பிணிகளின் உடலில் மிகையானால் சிசுவின் அங்கங்களைப் பாதிக்கும். மருந்து ஒன்றே, உட்கொள்பவரின் நிலையே பயனையும் கேட்டையும் தீர்மானிக்கின்றது.

நமது சமூகங்களில் மரபு மருந்துகளுக்குத் தனி இடமுண்டு. நபிமொழியில் போற்றப்படும் கருஞ்சீரகமும் தேனும் முஸ்லிம் இல்லங்களிலும், மல்லியும் இஞ்சியும் சேர்ந்த குடிநீர் தமிழர் இல்லங்களிலும் தலைமுறைகளாகப் பயன்பாட்டில் உள்ளன. அளவோடு உட்கொள்ளும்போது இவை உணவின் பகுதியே. எவரும் இவற்றைக் கைவிட வேண்டியதில்லை. எனினும், தொற்றைத் தடுக்கும் என்ற உத்தரவாதத்தை இவற்றின் மீது ஏற்றுவதற்குப் பெரிய அளவிலான சான்றுகள் இல்லை. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்றும் கருதிவிட முடியாது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர்.

2020 டிசம்பரில் கேகாலையில் நிகழ்ந்ததும் மறக்கத்தக்கதன்று. தேனும் சாதிக்காயும் கொண்டு தயாரிக்கப்பட்ட ‘தம்மிக பாணி’ கொரோனாவைத் தடுக்கும் என்று கூறப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் நோய்ப் பரவலையும் பொருட்படுத்தாது அங்கு திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி அதனைப் பகிரங்கமாக அருந்தினார். அடுத்த மாதமே அவருக்கும் தொற்று உறுதியானது. அதிகாரத்தில் உள்ளோர் சான்றின்றி ஒரு பொருளுக்கு மதிப்பளித்தால் அதன் விலையைச் செலுத்துவோர் சாதாரண மக்களே.

இத்தனைக்கும், மெய்யான பயன் தரும் ஏற்பாடுகள் நம்மிடமே உள்ளன. சோளம், சோயா, பால்மா ஆகியவற்றுக்கு விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்த்துத் தயாரிக்கப்படும் திரிபோஷா 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றது. விளம்பரம் இல்லாத இத்திட்டம் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் தடைப்பட்டபோதுதான் அதன் அருமை பலருக்கும் புரிந்தது. தடுப்பூசியோ அதனினும் மேலானது. 1993ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையில் போலியோ நோயாளர் எவரும் கண்டறியப்படவில்லை. எந்தச் சத்துப் பானமும் இத்தகைய சாதனைக்கு உரிமை கோர முடியாது.

ஆகவே, ஓமந்தையில் வாழும் ஒரு தாய் கையிலுள்ள சில நூறு ரூபாவை எதற்குச் செலவிடலாம் என்று கேட்டால், நமது பதில் இதுவே. முட்டை, நெத்தலி, பயறு, வேலியோரத்து முருங்கையிலை ஆகியவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். பிள்ளையின் நிறையைக் கிளினிக்கில் தவறாது பாருங்கள். தடுப்பூசி அட்டையைப் பூரணப்படுத்துங்கள். குறைபாடு உண்டென மருத்துவர் கூறினால் அவர் குறிப்பிடும் மாத்திரையை, குறிப்பிடும் அளவில் கொடுங்கள். அதே வேளை, திரிபோஷா தட்டுப்பாடின்றி ஒவ்வொரு கிராமத்தையும் சென்றடைவதை உறுதிப்படுத்துவதும், பொய்யான சுகாதார விளம்பரங்களைத் தடுப்பதும் அரசின் கடமையாகும். பசியின் கொடுமையை அறிந்த மக்களின் உழைப்பு வெறும் போத்தல்களில் கரைந்துபோக விடலாகாது.