மாட்டினங்களை அறிந்து வளர்ப்போம்

தோட்டப்புறங்களில் மாடு வளர்ப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும், வீட்டுத் திருமணத்திற்கும் கொட்டகை மாடே கைகொடுத்த குடும்பங்கள் பேராக் மாநிலத்தில் பல. தோட்டத்தை விட்டுப் புந்தோங்கில் குடியேறியவர்களுள்ளும் மாட்டின் குணமறிந்த பெரியவர்கள் இருக்கின்றனர். எனினும், எந்த இனம் எங்கிருந்து வந்தது, எது நமக்கு ஏற்றது என்பதை அறிந்து வளர்ப்பவர் சிலரே.

இரு பெரும் பிரிவுகள்

உலக மாடுகளைத் திமிலுள்ளவை, திமிலற்றவை என இரண்டாகப் பிரிக்கலாம். திமிலுள்ளவை சிந்துவெளிப் பகுதியில் பழக்கப்படுத்தப்பட்டவை. தளர்ந்த தோலும் தொங்கும் அலைதாடியும் கொண்ட இவை, வெயிலையும் உண்ணித் தொல்லையையும் தாங்கும். ஸ்காட்லாந்தின் கருநிற ஆங்கஸ், இங்கிலாந்தின் ஹெர்போர்டு, பிரான்சின் வெண்ணிறச் சரோலே ஆகியவை திமிலற்றவை. இவை இறைச்சிக்குப் பெயர் பெற்றவையாயினும் நம் நாட்டு வெப்பத்தில் இளைத்துவிடும்.

நம் நாட்டு மாடுகள்

கெடா-கிளந்தான் இனம் மலேசியாவின் சொந்த இனம். உருவில் சிறியது, ஆனால் குறைந்த தீவனத்திலும் தவறாமல் கன்று ஈனும்.

தோட்டங்களில் காணும் இந்திய மாடு, நம் முன்னோர் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பல இனங்களின் கலப்பாகும். ஆதலால்தான் ஒரே மந்தையில் வெள்ளை, சாம்பல், செந்நிற மாடுகளைக் காண்கிறோம். பாலுக்காக வளர்க்கப்பட்ட இது, கெடா-கிளந்தான் மாட்டைவிட உருவில் பெரியது.

பிராமன்

பெயரைக் கேட்டு இதனை இந்தியாவிலேயே உருவான இனமென்று எண்ணுவோர் உண்டு. ஓங்கோல், கிர், காங்ரேஜ் முதலிய இந்திய மாடுகளைக் கொண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இறைச்சி இனம் இது. அங்கு இதற்கென ஒரு சங்கம் 1924-இல் அமைந்தது. இதன் பொலிகாளை 700 கிலோவுக்கு மேலும் எடை கூடும். ஆந்திரத்து ஓங்கோல் மாடே பிரேசிலில் 'நெல்லூர்' என்னும் பெயரால் பெருகி, அந்நாட்டின் முதன்மை இறைச்சி இனமாகத் திகழ்கிறது.

நம் நாட்டில் மார்டி ஆய்வுக் கழகம் பிராமனையும் கெடா-கிளந்தானையும் கலந்து 'பிராக்மாஸ்' இனத்தை உருவாக்கியது. தாயின் ஈனும் திறனும் தந்தையின் வளர்ச்சியும் ஒன்றுசேர வேண்டுமென்பதே இதன் நோக்கம்.

கவனிக்க வேண்டியவை

பெரிய காளையே சிறந்த காளை என்று கருதலாகாது. சிறு கெடா-கிளந்தான் கிடேரியைப் பெருத்த காளையுடன் சேர்த்தால், கன்று பெரிதாகி, ஈனும்போது தாய்க்கும் கன்றுக்கும் ஆபத்து நேரலாம். முதல் ஈற்றுக்குச் சிறிய காளையே ஏற்றது. மேலும், பெரிய இனத்திற்குத் தீவனமும் மிகுதியாக வேண்டும். மரநிழலில் வளரும் புல் மட்டும் போதாதபோது, மாடு மெலியும். சினை பிடிப்பதும் தாமதமாகும். ஒரே காளையைப் பல ஆண்டுகள் வைத்து, அதன் கன்றுகளோடே சேர்ப்பதும் தவறு. அதனால் மந்தை நலியும்.

மாட்டை இறைச்சிக்கு விற்க மனம் ஒப்பாதவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் இவ்வறிவு பயன்படும்; பால், எரு, உழைப்பு எதற்காயினும் இனத்தேர்வே அடிப்படை.

ஆகவே, காளை வாங்குமுன்னும் சினை ஊசி போடுமுன்னும், மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்தில் ஆலோசனை பெறுவோமாக. நம் புல்லுக்கும் கொட்டகைக்கும் ஏற்ற மாடே நமக்கு உயர்ந்த மாடு.