10,000 ரூபாயும் ஒரு பள்ளி வண்டியும்



சென்ற நிர்வாகக் கூட்டத்தில் பெண்பிள்ளைகள் கல்வி நிதியின் வரவு செலவை வாசித்தபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "பீஸ் கட்டுகிறோம், புத்தகம் வாங்கித் தருகிறோம், சரி. வேன் வாடகையும் நாம்தான் கொடுக்க வேண்டுமா?" நியாயமான கேள்விதான். நிதி சிறியது, மாதச் சந்தா தருவோரும் குறைவு. அன்று நேரமில்லாததால் சுருக்கமாகப் பதில் சொன்னேன். விரிவாகச் சொல்வதென்றால், நூறு ஆண்டுகளுக்கு முன் வங்காளத்தில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

ரங்பூர் பகுதியில் பைராபந்த் என்னும் ஊரில், ஜமீன்தார் குடும்பத்தில் 1880இல் பிறந்தவர் ரொக்கையா. அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். வங்காளமும் ஆங்கிலமும் கூடாது என்றிருந்தது. அண்ணன் இப்ராஹீம், இரவில் வீடு உறங்கிய பிறகு தங்கைக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத முதல் நன்கொடை அதுதான் என்பேன்.

பின்னர் அவர் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்த சையித் சகாவத் ஹுசைனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். மனைவி படிப்பதையும் எழுதுவதையும் ஊக்கப்படுத்திய சகாவத் சாஹிப், முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கவென்று தம் சேமிப்பிலிருந்து 10,000 ரூபாய் ஒதுக்கிவைத்தார். அந்தக் காலத்து 10,000! 1909 மே மாதம் அவர் வஃபாத்தானார். அதே ஆண்டு அக்டோபரில், 5 பிள்ளைகளோடு பாகல்பூரில் பள்ளி தொடங்கிவிட்டது. ஆனால் சகாவத் சாஹிபின் முதல் தாரத்து மகள் வீட்டாரோடு சொத்து விஷயத்தில் மனத்தாங்கல் வந்து, ரொக்கையா அந்த ஊரை விட்டே கிளம்பும்படி ஆயிற்று. கல்கத்தாவில் 1911 மார்ச் 16ஆம் தேதி, கணவர் பெயரிலேயே பள்ளியை மறுபடி திறந்தார். அப்போது 8 பிள்ளைகள்.

அங்கேதான் நம் கேள்வி வருகிறது. கையில் பணம் இருந்தது. பள்ளிக்கு வரத்தான் பிள்ளைகள் இல்லை. படிப்பு வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. வேண்டும் என்று நினைத்தவர்களுக்கோ, பிள்ளை தெருவில் போவது எப்படி என்ற கவலை. ரொக்கையா தாமே புர்கா அணிந்து வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார். திரையிட்ட வண்டியில் பிள்ளைகளை அழைத்துவருவதாக வாக்குக் கொடுத்தார்.

பள்ளிக்கு மோட்டார் பஸ் வந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். நாலாபுறமும் மூடிய வண்டி. உள்ளே ஒரே இருட்டு, காற்றும் கிடையாது. பிள்ளைகள் பயந்து அழுதார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள், மயங்கியும் விழுந்தார்கள். சரியென்று மூடியிருந்ததைத் திறந்து வண்ணத் திரை போட்டார். உடனே நான்கு கடிதங்கள் வந்தன. காற்றில் திரை பறக்கிறது, பர்தா கெடுகிறது, சரிசெய்யாவிட்டால் பத்திரிகையில் எழுதுவோம் என்று மிரட்டல். அவற்றில் ஒன்றை எழுதியவர் 'இஸ்லாமியச் சகோதரன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தார். கடிதம் எழுதியவர்கள் திரைக்கு நல்ல துணி வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

ஏறக்குறைய அதே காலத்தில் அலிகாரிலும் இதே சிக்கல். ஷேக் அப்துல்லாஹ்வும் அவர் துணைவியார் வஹீத் ஜஹான் பேகமும் 1906இல் பெண்பிள்ளைகள் பள்ளி தொடங்கியபோது, பிள்ளைகள் திரை போட்ட டோலியில் வந்தார்கள். போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம் அந்தப் பள்ளிக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துவந்தார். ஒரு முஸ்லிம் அரசியின் பெயர் பக்கத்தில் நின்றது, பணத்தைவிடப் பெரிய உதவி. மறுப்புச் சொல்ல வந்தவர்கள் சற்று யோசித்தார்கள். 1914இல் விடுதியைத் திறந்துவைத்தவரும் அவர்தான். தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்றாடப் பயணம் என்ற பிரச்சினையே அதோடு தீர்ந்தது.

ரொக்கையா பள்ளியோடு நிற்கவில்லை. 1916இல் 'அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்' என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கி, ஏழை விதவைகளுக்கும் குமர்ப் பிள்ளைகளுக்கும் உதவினார். அதன் கூட்டத்துக்கு மிகவும் வற்புறுத்தி அழைத்துவரப்பட்ட ஒரு பெண், எல்லாம் முடிந்த பிறகு, "மீட்டிங் பார்க்கலாம் என்றீர்களே, அது எங்கே?" என்று கேட்டாராம். அந்த நிலையில் இருந்தவர்களை வைத்துத்தான் அவர் வேலை செய்தார். 1932இல் அவர் வஃபாத்தானார். பள்ளி இன்றும் கொல்கத்தாவில் அரசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியாக நடக்கிறது.

நம் விஷயத்துக்கு வருகிறேன். ஜகாத் பணம் அதற்குரிய எட்டு வகையினருக்கே சேர வேண்டும் என்பதால், இந்த நிதியை ஸதக்கா, சந்தாக்களைக் கொண்டு தனிக் கணக்காக வைத்திருக்கிறோம். வேன் வாடகையும் அதிலிருந்துதான் போகிறது. இந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, பீஸும் கட்டியாகிவிட்டது. ஆனால் மாலையில் திரும்பிவர நேரத்துக்குப் பஸ் இல்லாததால், வாப்பாமார் அனுப்பத் தயங்குகிறார்கள். அடுத்த கூட்டத்தில் இவர்களின் வேன் வாடகையை மறுபடியும் வைக்கிறேன். அதற்கு முன்பே மாதச் சந்தாவில் பெயர் சேர்க்க விரும்புவோருக்கு, ரசீதுப் புத்தகம் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருக்கும். பெண்கள் தங்கள் பெயரிலேயே தரலாம். ரசீதும் அவர்கள் பெயருக்கே எழுதப்படும்.