மேற்குத் தொடர்ச்சி மலை: ஒரு காணி நிலத்தின் காதல் கதை

'ரொம்ப மெதுவா போற ஆர்ட் படம்' என்று ஒதுக்கப்பட்ட படங்களில் லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை'யும் ஒன்று. விஜய் சேதுபதி தயாரித்து 2018 ஆகஸ்டில் வெளியானது. நான் இதை ஒரு காதல் படமாகத்தான் பார்க்கிறேன். டூயட் இல்லை, காதலைச் சொல்லும் வசனம் இல்லை. ரங்கசாமிக்கும் ஈஸ்வரிக்கும் நடுவில் இருப்பது ஒரு துண்டு நிலம் பற்றிய ஆசை, அவ்வளவுதான்.

(கதை தெரியக்கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

ரங்கசாமி அடிவாரத்துக் கூலி. மேலே இடுக்கிப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து ஏலக்காய் மூட்டையைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் இறங்குகிறவன். 1956 மொழிவழிப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போயின. மலை அங்கே, கூலியாட்கள் இங்கே என்றாகிவிட்டது. படத்தில் தொழிற்சங்கத் தலைவர் சாக்கோ மலையாளம் கலந்து பேசுவது இதனால்தான். அது சும்மா ருசிக்காகச் சேர்த்ததில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் நமக்கு நெல் வயலும் திராட்சைத் தோட்டமும்தான் ஞாபகம் வரும். அந்தப் பச்சை, 1895இல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீரால் நிற்பது. இருபோகம் விளையும் அந்த நன்செய் சுமார் 14,707 ஏக்கர். அதில் ஒரு குழி வாங்குவதற்குக்கூட ரங்கசாமி போன்றவர்களுக்கு வழி கிடையாது. அவன் கேட்பது வாய்க்கால் எட்டாத அடிவாரத்து மானாவாரிக் காடு. அதற்கே படாத பாடு. கிரயம் பேசியது நின்றுபோகிறது. அப்புறம் சேர்த்த காசில் வாங்கிய ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் விழுந்து சிதறுகிறது. படத்தில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இது. யாரும் ஓவென்று அழுவதில்லை, அதனாலேயே தாங்க முடியவில்லை.

ஒருவழியாக நிலம் கைக்கு வருகிறது. பிறகு கடனுக்கு விதையும் உரமும், மழையில் கெட்ட வெள்ளாமை, கொலை வழக்கு, சிறை. திரும்பி வரும்போது நிலம் கடனில் போயிருக்கிறது.

இங்கே பூகோளத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே கொட்டிவிட்டு, கணவாய்கள் வழியாக வேகத்தோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. அடிவாரம் மழைமறைவுப் பகுதி. எந்தக் காற்று மழை தராமல் வெறுமனே வீசுகிறதோ, அதே காற்றுதான் காற்றாலைக்கு வேண்டியது. ஆக, விவசாயிக்கு லாயக்கில்லாத நிலம் கம்பெனிக்குத் தங்கம். காற்றாலையை வெறும் வில்லனாகக் காட்டுகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மின்சாரம் எல்லாருக்கும் வேண்டும்தான். நிலத்தை விட்டவனுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் படம் கேட்கிற கேள்வி.

ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். பின்னாளில் 'கர்ணன்' எடுத்தவர். இசை இளையராஜா. அவருடைய பண்ணைப்புரம் இதே மலையடிவாரத்து ஊர். நான் இன்னும் நிறைய வாத்தியம் எதிர்பார்த்தேன். பல இடங்களில் காற்றுக்கும் காலடிச் சத்தத்துக்கும் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

கடைசியில், தான் உழுத அதே மண்ணில் ரங்கசாமி யூனிபார்ம் போட்டுக் காற்றாலைக்கு வாட்ச்மேனாக நிற்கிறான். கேமரா மேலே போகப் போக அவன் புள்ளியாகிறான். சுற்றிலும் காற்றாடிகள், ஒன்றிரண்டல்ல.