தோசைக் கூம்பும் பொம்மை ரயிலும்

சென்னை கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால், சர்வர் வந்து ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். பெரியவர்கள் காபியை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் மரங்களைச் சுற்றி ஓடி வந்துவிடலாம். 'ஃபேமிலி கஃபே' என்ற பெயரெல்லாம் அன்று யாருக்கும் தேவைப்படவில்லை. ஓட்டல் போய்விட்டது, அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. ஓடுவதற்கு இன்றும் இடமுண்டு, தோசைக்குத்தான் வேறு எங்காவது போக வேண்டும்.

இப்போதைய கஃபேக்கள் சிலவற்றில் சறுக்குமரம், வண்ணப் பந்துகள் நிரம்பிய தொட்டி எல்லாம் இருக்கின்றன. ஆனால் பாஸ்தா வருவதற்குள் பிள்ளை பசியில் அழத் தொடங்கிவிடும். அந்த வகையில் நம் டிபன் ஓட்டல்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. உட்கார்ந்த சில நிமிடங்களில் இட்லி வந்துவிடும். சாம்பாரில் மிதக்கும் மினி இட்லி பதினான்கு. எண்ணிக்கொண்டே சாப்பிடலாம், நடுவில் பாட்டி ஒன்றை எடுத்துவிட்டால் கணக்கு உதைக்கும். நெய் ரோஸ்ட்டைக் கூம்பாக நிறுத்திக் கொண்டுவந்தால் மூன்று வயதுக்காரி அதைத் தொப்பியாக்கப் பார்ப்பாள். சட்னி காரமென்றால் இருக்கவே இருக்கிறது சர்க்கரை.

குறையும் உண்டு. குழந்தைக்கு டயப்பர் மாற்ற ஓர் அகலப் பலகை பல ஓட்டல் கழிவறைகளில் கிடையாது. கைகழுவும் தொட்டியோ எட்டாத உயரத்தில். பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகளைத் தமிழக அரசு 2015-லேயே திறந்தது. பெரிய ஓட்டல்களுக்கு ஏனோ அந்த யோசனை வரவில்லை.

சாப்பிட்டு முடித்து எங்கே போவது? முதலில் நினைவுக்கு வருவது வண்டலூர்தான். ஆனால் அந்த உயிரியல் பூங்காவின் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். சிங்கத்தைப் பார்ப்பதற்குள் சின்னக் கால்கள் ஓய்ந்துவிடும், பிறகு தூக்கிச் சுமப்பது அப்பாவின் பாடு. பேட்டரி வண்டியை முதலிலேயே பிடித்துவிடுவது புத்திசாலித்தனம். ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகம் தோது. பழைய நீராவி எஞ்சின்களின் சக்கரம் பிள்ளையைவிட உயரம். கிட்டே போய் நின்று அண்ணாந்து பார்க்கலாம். அதைவிட, வளாகத்தைச் சுற்றிவரும் பொம்மை ரயிலுக்குத்தான் மவுசு. ஒரு சுற்றோடு யாரும் இறங்குவதில்லை.

போய்வரும் செலவும் பெரிதில்லை. மெட்ரோவில் 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருந்தால் டிக்கெட் வேண்டாம். அரசுப் பேருந்தில் 2022 முதல் ஐந்து வயது வரை இலவசம்.

கிளம்புமுன் கிழமையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டலூருக்கு வழக்கமாகச் செவ்வாய் விடுமுறை, கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணைக்குத் திங்கள். பூட்டிய கேட்டின் முன் நின்று அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்த, மறுபடியும் அந்தக் கூம்பு தோசைதான்.