கோடிங் தெரியாமலே ஆப்பை சி.ஆர்.எம்-மோடு இணைக்கலாம்... ஆனா எங்கே சொதப்பும் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். மொட்டை மாடியில் சோலார் போட வேண்டும் என்று ஒருவர் உங்கள் ஊழியரிடம் விசாரிக்கிறார். பெயர், போன் நம்பரை வாங்கி ஊழியர் கடையின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். திங்கள் காலைக்குள் அதன் மேல் வரிசையாக ‘குட் மார்னிங்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. புதன்கிழமை ஞாபகம் வந்து போன் போட்டால், "வேற இடத்துல சொல்லிட்டோமே சார்" என்கிறார் வாடிக்கையாளர்.

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால், சோலார் விசாரணைகள் நிறைய வரும் காலம் இது. முதலில் திரும்ப அழைக்கும் கடைக்குத்தான் ஆர்டர் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஊழியர் கையில் ஒரு ஆப், ஆபீஸில் ஒரு சி.ஆர்.எம், இரண்டையும் இணைக்கும் ஆட்டோமேஷன் இருந்தால் போதும். புரோகிராமர் தேவையில்லை. எப்படின்னு பார்ப்போம்.

நோ-கோட், சி.ஆர்.எம்... அப்படின்னா என்ன?

கோடு எழுதாமல், கட்டங்களை இழுத்து வைத்து ஆப் செய்ய உதவும் கருவிதான் நோ-கோட். கூகுள் நிறுவனம் 2020-ல் வாங்கிய ஆப்ஷீட் இதற்கு நல்ல உதாரணம். ஒரு கூகுள் ஷீட்டைக் காட்டினால், அதிலுள்ள பத்திகளை வைத்து அதுவே படிவத்தை உருவாக்கிவிடும்.

சி.ஆர்.எம் என்பது வாடிக்கையாளர் பதிவேடு. யார் விசாரித்தார், யார் பேசினார், கொட்டேஷன் போனதா, பணம் வந்ததா என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ 2005-லிருந்து ஒரு சி.ஆர்.எம் நடத்தி வருகிறது. 3 பேர் வரை பயன்படுத்த இலவசப் பதிப்பும் உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவில் தகவலை எடுத்துச் செல்வதுதான் ஆட்டோமேஷன். ஜேப்பியர், மேக், என்8என், ஜோஹோ ஃப்ளோ ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன.

இணைப்பது எப்படி?

ஆப்ஷீட், ஜோஹோ ஃப்ளோ, ஜோஹோ சி.ஆர்.எம் மூன்றையும் வைத்து ஒரு எளிய வழி:

1. ஜோஹோ ஃப்ளோவில் புதிய ஃப்ளோ தொடங்கி, ‘வெப்ஹூக்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஒரு இணைய முகவரி கிடைக்கும். ‘புது தகவல் வந்தா இந்த வாசல்ல தட்டு’ என்பதற்கான முகவரி அது.

2. ஆப்ஷீட்டின் ஆட்டோமேஷன் பகுதியில் ஒரு ‘பாட்’ உருவாக்குங்கள். புதிய வரிசை சேர்ந்தால் மட்டும் அது இயங்க வேண்டும். அது செய்ய வேண்டிய வேலையாக அந்த வெப்ஹூக் முகவரியைக் கொடுங்கள்.

3. ஆப்பிலிருந்து ஒரு சோதனைப் பதிவை அனுப்புங்கள். அது ஃப்ளோவுக்கு வந்து சேர்ந்ததும், ஆப்பின் எந்தக் கட்டம் சி.ஆர்.எம்-மின் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று பொருத்துங்கள்.

4. கடைசியாக, பொறுப்பான விற்பனையாளருக்கு உடனே ஒரு அறிவிப்பு போகும்படி வையுங்கள்.

அவ்வளவுதான், ஒரு மதியத்தில் முடிக்கக்கூடிய வேலை. ஆனால் இணைந்துவிட்டது என்பதாலேயே சரியாக ஓடும் என்று சொல்ல முடியாது. நான்கு இடங்களில் இது வழக்கமாகச் சொதப்பும்.

சிக்கல் 1: ‘லாஸ்ட் நேம்’ இல்லாத ஊர்

ஜோஹோ சி.ஆர்.எம்-மில் புதிய விசாரணையைச் சேர்க்க ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம். நம்ம ஊரில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். ஆப்பில் வெறும் ‘பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்து, அதை ‘ஃபர்ஸ்ட் நேம்’ கட்டத்தோடு மட்டும் பொருத்தினால் பதிவு நிராகரிக்கப்படும். ஊழியரின் ஆப்பில் ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டும். சி.ஆர்.எம்-மில் ஒன்றும் இருக்காது!

தீர்வு எளிது. முழுப் பெயரையும் ‘லாஸ்ட் நேம்’ கட்டத்துக்கே அனுப்புங்கள். ஆப்பிலும் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாதபடி வையுங்கள்.

சிக்கல் 2: ஒரே ஆள், மூன்று பதிவு

ஒரே வாடிக்கையாளரை இரண்டு ஊழியர்கள் சந்திக்கலாம். அப்போது இரண்டு பதிவு உருவாகி, இரண்டு பேர் போன் போட்டு, இரண்டு விலை சொன்னால் என்ன ஆகும்? இருக்கிற நம்பிக்கையும் போய்விடும்.

ஜோஹோ சி.ஆர்.எம் விசாரணைகளில் இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க இயல்பாகப் பார்ப்பது இமெயிலை. ஆனால் வீட்டு வாசலில் நின்று பேசும் வாடிக்கையாளர் பெரும்பாலும் போன் நம்பர்தான் தருவார். அதனால் ஃப்ளோவில் முதல் படியாக, அந்த போன் நம்பர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இருந்தால் பழைய பதிவில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டும் புதிது உருவாக்க வேண்டும்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கு. +91, முன்னால் 0, நடுவில் இடைவெளி என்று ஒரே நம்பரைப் பல விதமாக எழுதலாம். நமக்கு அது ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஆப்பிலேயே 10 இலக்கம் மட்டும் ஏற்கும்படி கட்டுப்பாடு வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒருவருக்கே இரண்டு வீடு இருக்கலாம். அப்போது போன் நம்பரை மட்டும் நம்பினால், இரண்டாவது வீட்டின் விவரம் முதல் வீட்டின் விவரத்தை அழித்துவிடும். ஆளை போன் நம்பராலும், வேலையை மின் இணைப்பு எண்ணாலும் தனித்தனியாக அடையாளம் காண்பது நல்லது.

சிக்கல் 3: யாருடைய லாகின்?

இந்த இணைப்பு ஒருவருடைய கணக்கின் அனுமதியில்தான் ஓடுகிறது. அமைத்துக் கொடுத்த ஊழியர் வேலையை விட்டுப் போய், அவருடைய கணக்கை நீங்கள் மூடினால் இணைப்பும் நின்றுவிடும். ஆப் பழையபடி பதிவுகளை வாங்கிக்கொண்டே இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. விசாரணை குறைந்துவிட்டது, சீசன் டல் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

நிறுவனத்தின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி அதில் இணையுங்கள். ஃப்ளோ தோல்வியடைந்தால் முதலாளிக்கே மெயில் வரும்படி வையுங்கள்.

சிக்கல் 4: முடிவில்லாத சுற்று

ஆப்பில் மாற்றினால் சி.ஆர்.எம் மாறணும், சி.ஆர்.எம்-மில் மாற்றினால் ஆப் மாறணும் என்று பலரும் ஆசைப்படுவார்கள். கவனமில்லாமல் அமைத்தால் ஒன்று மற்றொன்றை எழுப்ப, அது மறுபடி இதை எழுப்ப, சுற்று நிற்காது. முதலில் ஆப்பிலிருந்து சி.ஆர்.எம்-முக்கு மட்டும் தகவல் போகட்டும். ஒரு வழிப் பாதையே பெரும்பாலான சிறு கடைகளுக்குப் போதும்.

செலவு எவ்வளவு ஆகும்?

மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதாது, எதை எண்ணி வசூலிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜேப்பியரில் ஒவ்வொரு செயலும் ஒரு ‘டாஸ்க்’. ஒரு விசாரணைக்கு 3 செயல் என்றால், மாதம் 300 விசாரணைக்கு 900 டாஸ்க். என்8என் தளத்தின் கட்டணச் சேவையில் எத்தனை படி இருந்தாலும் ஒரு முழு ஓட்டம் ஒன்றாகவே எண்ணப்படும். உங்கள் மாத விசாரணையை, அதற்கான படிகளால் பெருக்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்கும் பெயரும் போன் நம்பரும் வாடிக்கையாளருடைய தனிப்பட்ட தரவு. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. விசாரணை நிலையிலேயே ஆதார் போட்டோ எடுப்பது போன்ற பழக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். தேவையில்லாததை வாங்காமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

கடைசியா ஒரு சோதனை

ஓட விடுவதற்கு முன் 5 பதிவுகளை நீங்களே போட்டுப் பாருங்கள். சரியான பதிவு ஒன்று, அதே நம்பரில் மீண்டும் ஒன்று, அதே ஆளின் இரண்டாவது வீடு ஒன்று, இனிஷியலோடு ஒரு பெயர், தமிழில் எழுதிய ஒரு பெயர். ஐந்தும் சரியாகப் போனால் ஆரம்பிக்கலாம்.

அதற்குப் பிறகும் வாரம் ஒருமுறை, ஆப்பின் ஷீட்டில் எத்தனை விசாரணை வந்திருக்கிறது, சி.ஆர்.எம்-மில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரட்டைப் பதிவுகளைக் கழித்த பிறகும் ஷீட்டில் 52, சி.ஆர்.எம்-மில் 49 என்றால், 3 பேர் இன்னும் உங்கள் போனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்!